எடுத்து முடித்த நிகழ்ச்சியை ஏன் ஒளிபரப்பாமல் விடுகிறார்கள்?

படப்பிடிப்பு, தொகுப்பு, ஒலிச்சேர்க்கை எல்லாம் முடிந்து தயாராக இருக்கும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒருமுறைகூட ஒளிபரப்பாமல் விட்டுவிடுவது உண்மையில் நடக்கிறதா, நடக்கிறதென்றால் பணம் போட்டவர்கள் அதற்கு எப்படிச் சம்மதிக்கிறார்கள், அப்படிக் கிடப்பில் போனவற்றை இன்று பார்க்க வழி இருக்கிறதா என்பது கேள்வி. நடக்கிறது, வெளியில் தெரிவதைவிட அதிகமாகவே நடக்கிறது. ஆனால் ஒளிபரப்பான பிறகு அழிந்துபோன நிகழ்ச்சிகளையும் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 1960களிலும் 70களிலும் ஒளிநாடாவின் விலை அதிகம் என்பதால் பிபிசி உள்ளிட்ட நிறுவனங்கள் பழைய பதிவுகளை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியவற்றைப் பதிந்தன. அவற்றைப் பல லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள், இன்று பிரதி இல்லை. இங்கே நாம் பேசுவது அதற்கு நேர்மாறானது: பிரதி இருக்கிறது, பார்த்தவர்கள் இல்லை.

பணத்தில் தொடங்குவதே நல்லது, ஏனெனில் கேள்வியில் உள்ள வியப்பு முழுவதும் அதைப் பற்றியது. தயாரிப்புக்குச் செலவான தொகை, ஒளிபரப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாளில் பேச்சிலேயே வராது, வரவும் கூடாது; அது ஏற்கெனவே போய்விட்ட பணம். அன்றைக்கு மேசைமேல் இருக்கும் கேள்வி, இதை ஒளிபரப்பினால் இனிமேல் வரக்கூடியது எவ்வளவு, இனிமேல் போகக்கூடியது எவ்வளவு என்பது மட்டும்தான். ஒளிபரப்பு ஒன்றும் இலவசமன்று. மாலையில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுத்தால், அதே நேரத்தில் நன்றாக ஓடக்கூடிய வேறொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அறிமுக விளம்பரங்களுக்குச் செலவிட வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் நடிகர், எழுத்தாளர் சங்கங்களின் ஒப்பந்தப்படி ஒளிபரப்பையும் மறு ஒளிபரப்பையும் ஒட்டி எழும் தொகைகளைக் கொடுக்க வேண்டும். இசைக்கும் பழைய படத்துண்டுகளுக்கும் உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும். வழக்கு வந்தால் அதையும் சந்திக்க வேண்டும். ஆகவே நிகழ்ச்சியைத் தயாரிப்பது ஒரு முடிவு, அதை ஒளிபரப்புவது முற்றிலும் வேறொரு முடிவு. இரண்டுக்கும் இடையே ஓராண்டு கடந்திருக்கலாம், நிர்வாகிகள் மாறியிருக்கலாம், நிறுவனமே கைமாறியிருக்கலாம். நிகழ்ச்சி மோசமாக இருந்ததால்தான் வெளிவரவில்லை என்ற எண்ணம் பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து; தரம் என்பது காரணங்களில் ஒன்று, பெரும்பாலும் முதன்மையான காரணமன்று.

எண்ணிக்கையில் பார்த்தால் பெரும்பகுதி பைலட்டுகள், அதாவது தொடருக்கு ஒப்புதல் பெறுவதற்காக எடுக்கப்படும் மாதிரி அத்தியாயங்கள். அமெரிக்கப் பெரும் சேனல்கள் பல பத்தாண்டுகளாக ஒரே முறையைப் பின்பற்றின: குளிர்காலத்தில் கதைகளைத் தேர்ந்தெடுத்து, வசந்தகாலத்தில் பைலட்டுகளைப் படம்பிடித்து, சோதனைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, மே மாதத்தில் விளம்பரதாரர்களுக்கு அடுத்த பருவத்தின் அட்டவணையை அறிவிக்கும் நாளுக்குள் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவது. கைவிடப்பட்டவை யாரும் பார்க்காமல் போவது இந்த முறையில் விபத்தன்று, அதன் விதி. பல பைலட்டுகள் ஒளிபரப்பும் நோக்கமே இல்லாமல் எடுக்கப்பட்டவை. லூசில் பால், டெசி ஆர்னாஸ் தம்பதி நடித்த ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடரின் பைலட் 1951இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலுக்காக எடுக்கப்பட்டது. விளம்பரதாரர் கிடைப்பாரா என்று பார்ப்பதே அதன் வேலை. ஃபிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் முன்வந்தது, தொடர் அக்டோபரில் தொடங்கியது, வேலை முடிந்த அந்த முதல் பதிவை யாரும் பொருட்படுத்தவில்லை. பல பத்தாண்டுகள் அது தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. அதில் கோமாளியாக நடித்த பெப்பிட்டோ பெரெஸுக்கு அந்தத் தம்பதி ஒரு பிரதியைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அவருடைய மனைவியிடம் அது பத்திரமாக இருந்தது. 1990இல் சிபிஎஸ் அதைத் தனி நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தைவிட ஒரு துணை நடிகரின் வீடு பாதுகாப்பானதாக இருந்திருக்கிறது. இந்த வரலாற்றில் இப்படித் திரும்பத் திரும்ப நடக்கும்.

அதே தம்பதி நிறுவிய டெசிலு நிறுவனம்தான் 1964 இறுதியில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் முதல் பைலட்டான ‘தி கேஜ்’ படத்தையும் எடுத்தது. ஆறு லட்சம் டாலருக்கு மேல் செலவான அந்தப் பைலட்டை என்பிசி சேனல் ஏற்கவில்லை. சாதாரணப் பார்வையாளரிடம் அளவுக்கு மீறிய சிந்தனையை அது எதிர்பார்க்கிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வழக்கமாகக் கதை அத்துடன் முடிந்துவிடும். ஆனால் என்பிசி இரண்டாவது பைலட் எடுக்கச் சொன்னது, அது அந்தக் காலத்தில் மிக அபூர்வம். கப்பல் தலைவராக நடித்த ஜெஃப்ரி ஹண்டர் விலகினார், வில்லியம் ஷாட்னர் வந்தார், தொடர் 1966இல் தொடங்கியது. முதல் பைலட் அப்போது புதிய விதத்தில் பயன்பட்டது: வாராவாரம் அத்தியாயங்களைக் குறித்த நேரத்தில் முடித்துத் தர முடியாமல் தயாரிப்புக் குழு திணறியபோது, பழைய காட்சிகளைச் சுற்றி ஒரு நீதிமன்ற விசாரணைக் கதையைப் புதிதாகப் பின்னி, ‘தி மெனாஜரி’ என்ற இரண்டு பாக அத்தியாயமாக்கி அந்த ஆண்டு நவம்பரில் ஒளிபரப்பினார்கள். அதற்காக மூல வண்ணப் பிரதியை வெட்டிவிட்டார்கள். அதன் விளைவு 1986இல் வீடியோ நாடாவாக ‘தி கேஜ்’ விற்பனைக்கு வந்தபோது தெரிந்தது: ‘தி மெனாஜரி’யில் இடம்பெற்ற காட்சிகள் வண்ணத்திலும், மற்றவை தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரியிடம் இருந்த கறுப்பு வெள்ளைப் பிரதியிலிருந்தும் எடுத்து ஒட்டப்பட்டிருந்தன. பிறகு விடுபட்ட வண்ணப் பகுதிகளும் கிடைத்து, எடுக்கப்பட்டு ஏறத்தாழ 24 ஆண்டுகளுக்குப் பின், 1988இல் முழுதும் வண்ணத்தில் அது தொலைக்காட்சிக்கு வந்தது.

தொடர் வெற்றி பெற்ற பிறகும் அதன் முதல் பைலட்டைக் காட்டாமல் வைத்திருப்பதற்குப் பெரும்பாலும் கலை சார்ந்த காரணமே இருக்கும். பிபிசியின் ‘ஷெர்லாக்’ முதலில் ஒரு மணி நேரப் பைலட்டாக எடுக்கப்பட்டது. அதைப் பார்த்த பிபிசி, ஒவ்வொன்றும் 90 நிமிடம் ஓடும் மூன்று அத்தியாயங்களைக் கேட்டது. நீளம் மாறினால் கதையின் கட்டுமானமே மாறிவிடும் என்பதால் அதே கதையைப் புதிதாக எடுத்து 2010இல் ஒளிபரப்பி, பழையதைக் குறுவட்டில் இணைப்பாகக் கொடுத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது திரைக்கதை பயில்பவர்களுக்கு எந்தப் பாடநூலையும்விடப் பயன்படும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் 2009ஆம் ஆண்டுப் பைலட் இன்னும் வேடிக்கையானது. எழுதிய டேவிட் பெனியாஃபும் டி.பி. வைஸும் அதைத் தங்கள் நண்பர்களான எழுத்தாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜேமி, செர்சி என்ற பாத்திரங்கள் உடன்பிறந்தவர்கள் என்பது பார்த்தவர்களுக்குப் புரியவே இல்லை. அது புரியாவிட்டால் அத்தியாயத்தின் இறுதிக் காட்சிக்குப் பொருளே கிடையாது. பெரும்பகுதியைப் புதிய இயக்குநரை வைத்து மறுபடியும் எடுத்தார்கள், முக்கியப் பாத்திரங்கள் இரண்டில் நடிகைகளையும் மாற்றினார்கள், 2011இல் வெளிவந்தது அந்த இரண்டாவது வடிவம். அந்தத் தொடரின் முன்கதையாக நவோமி வாட்ஸ் நடிப்பில் எடுக்கப்பட்ட மற்றொரு பைலட்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் செலவானதாகப் பின்னர், தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனலை நடத்திய நிறுவனத்தின் முன்னாள் உயர் நிர்வாகி ஒருவரே சொல்லியிருக்கிறார். 2019 அக்டோபரில் அதைக் கைவிட்ட எச்பிஓ, அதே நாளில் வேறொரு முன்கதைக்குப் பைலட் இல்லாமலே முழுத்தொடர் அனுமதி கொடுத்தது.

பைலட்டை விடுங்கள், முழுத்தொடரையே எடுத்து வைத்துவிட்டுக் கைவிடுவது எப்படி என்பதுதான் கேட்டவரின் உண்மையான ஐயம் என்று நினைக்கிறேன். பகுதியளவில் இது வழக்கமானது. பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தால் நடுவில் நிறுத்திவிடுவார்கள். மீதமுள்ள அத்தியாயங்களை யாரும் பார்க்காத கோடைக்கால இரவுகளில் போட்டுத் தீர்ப்பார்கள், அல்லது போடாமலே விடுவார்கள். ஃபாக்ஸ் சேனல் ‘ஃபயர்ஃப்ளை’ தொடரில் எடுக்கப்பட்ட 14 அத்தியாயங்களில் 2002இல் ஒளிபரப்பியது 11 மட்டுமே. கதையைத் தொடங்கிவைக்கும் பைலட்டைக் கடைசியில் போட்டதால் என்ன நடக்கிறதென்று பார்த்தவர்களுக்கே விளங்கவில்லை. ஒரு அத்தியாயம்கூட வெளிவராமல் முழுதாகப் பூட்டிவைக்கப்பட்டதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு ‘ஸ்டார் வார்ஸ் டீடூர்ஸ்’ என்ற நகைச்சுவை அனிமேஷன் தொடர். அதில் 39 அத்தியாயங்கள் எடுத்து முடிக்கப்பட்டன, மேலும் 62 கதைகள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. 2012 ஆகஸ்டில் ரசிகர்கள் கூடிய விழாவில் முன்னோட்டம்கூடக் காட்டினார்கள். இரண்டே மாதத்தில் டிஸ்னி, ‘ஸ்டார் வார்ஸ்’ உரிமையாளரான லூக்காஸ் ஃபிலிம் நிறுவனத்தை 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, புதிய திரைப்படங்களை அறிவித்தது. அந்தப் படங்கள் வருவதற்கு முன், ஒரு புதிய தலைமுறைக் குழந்தைகள் வில்லன் டார்த் வேடரைக் கேலிப் பாத்திரமாகவே முதலில் சந்திக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. தொடரின் தரத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அதைச் சுற்றியிருந்த வணிகம்தான் மாறிவிட்டது.

அண்மை ஆண்டுகளில் இதோடு கணக்குப் பதிவும் சேர்ந்துகொண்டது. ஒரு நிறுவனம் இன்னொன்றோடு இணையும்போது, தயாரிப்பில் உள்ளவற்றுள் எதிர்காலத்தில் வருமானம் தராது என்று கருதுபவற்றின் மதிப்பைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளலாம். அவ்வாறு தள்ளிய இழப்பு வரிச்சுமையைக் குறைக்கும். ஆனால் பயனற்றது என்று எழுதிய பொருளை மறுநாளே சந்தைக்குக் கொண்டுவர முடியாது என்பதால், நிகழ்ச்சி பூட்டப்பட வேண்டியதாகிறது. 2022 ஆகஸ்டில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவில் ஓடிடிக்காக எடுத்த ‘பேட்கேர்ல்’ திரைப்படத்தைக் கைவிட்டபோது இந்த நடைமுறை பொதுமக்கள் பேச்சுக்கே வந்தது. தொடர்களுக்கும் அதுவே நேர்ந்தது, ஆனால் சில தப்பித்தன: டிஎன்டி சேனல் எடுத்து முடித்துவிட்டுக் கைவிட்ட ‘ஸ்னோபியர்சர்’ தொடரின் நான்காம் பருவத்தை ஏஎம்சி வாங்கி 2024இல் ஒளிபரப்பியது. முடிந்த தொடரைக் கைவிட்டவரிடமிருந்து வாங்குவது புதிதாக எடுப்பதைவிட மலிவு என்பதால், இப்போது இதற்கென்றே ஒரு இரண்டாம் சந்தை உருவாகியிருக்கிறது.

பணமும் இல்லை, அரசியலும் இல்லை, தயாரிப்பாளர்களின் மனச்சான்றே தடுத்த ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது அதுதான். அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’ 1992இல் பெற்றோரின் மணமுறிவு பற்றி ஓர் அத்தியாயம் எடுத்தது. 1983இல் மளிகைக்காரர் ஹூப்பரின் மரணத்தைக் குழந்தைகளுக்குப் புரியும்படி சொல்லி எல்லோரின் பாராட்டையும் பெற்ற குழு அது. ஆகவே துணிவு இருந்தது. யானையைப் போன்ற பெரிய உருவம் கொண்ட ஸ்னஃபி என்ற பொம்மைப் பாத்திரத்தின் அப்பா வேறொரு குகைக்குக் குடிபோகிறார். பெரியவர்கள் ஸ்னஃபிக்கும் அவன் தங்கைக்கும் பெற்றோரின் அன்பு குறையவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒளிபரப்புக்கு முன், பகல்நேரக் காப்பகங்களில் இருந்த சிறு குழந்தைகளுக்கு அதைப் போட்டுக் காட்டி, பிறகு ஒவ்வொருவரிடமும் ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். வசனத்தில் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தும், அப்பாவுக்கு ஸ்னஃபிமேல் இன்னும் அன்பு இருக்கிறதா என்பதில் பல குழந்தைகளுக்கு உறுதி இல்லை. அதைவிட முக்கியமாக, பெற்றோர் வாக்குவாதம் செய்தாலே பிரிந்துவிடுவார்கள் என்று சிலர் புரிந்துகொண்டிருந்தார்கள். தம் வீட்டில் நேற்று நடந்த சச்சரவை நினைத்து ஒரு நான்கு வயதுக் குழந்தை பயப்படக்கூடும் என்று தெரிந்ததும் குழு அத்தியாயத்தைக் கைவிட்டது. திருத்தி எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். ஆனால் குறை ஒரு காட்சியில் இல்லை, பார்க்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வீட்டில் இல்லாத ஒரு பிரச்சினையை எல்லோருக்கும் கொண்டுபோய்க் காட்டுவதில் இருந்தது. 2012இல் அதே பொருளை மறுபடி எடுத்தபோது, தொலைக்காட்சியில் போடாமல், தேவைப்படும் குடும்பங்கள் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். குறை எங்கே இருந்தது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் செய்யும் செயல் அது.

அரசியல் காரணத்தால் நிறுத்தப்பட்டவை அதிகம் பேசப்படுகின்றன. அவற்றில் பொதுவாகக் காணப்படுவது, தடை செய்தவர்கள் யாரும் ‘தடை’ என்ற சொல்லைப் பயன்படுத்தாததுதான். பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் பிபிசிக்காக எடுத்த ‘தி வார் கேம்’, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தின்மேல் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் செய்திப்படத்தின் பாணியில் காட்டும் முக்கால் மணி நேரப் படம். நடித்தவர்கள் பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். கை நடுங்கும் கேமரா, நிதானமான வருணனைக் குரல், உணவுக்காக நடக்கும் கலவரம், காப்பாற்ற முடியாதவர்களைக் காவலர்களே சுட்டுக் கொல்லும் காட்சி என்று அது போகிறது. அப்போது பிபிசியின் தலைவராக இருந்த நார்மன்புரூக் பிரபு அதற்கு முன் பிரிட்டிஷ் அமைச்சரவையின் செயலாளராக இருந்தவர். முடிவெடுக்கும் முன் அரசின் மூத்த அதிகாரிகளுக்குப் படம் போட்டுக் காட்டப்பட்டது. நவம்பரில் பிபிசி, ஒளிபரப்பு ஊடகத்துக்குப் படம் அளவுக்கு மீறிக் கொடூரமாக இருப்பதால் தானே அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. திரையரங்குகளில் காட்ட மட்டும் இடம் கொடுத்தார்கள். அதனால் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது 1967இல் அதற்குக் கிடைத்தது. எடுத்துக் காட்டியவை யாவும் கற்பனைக் காட்சிகளாக இருக்கும் ஒரு படத்துக்கு ஆவணப்பட விருது கிடைத்தது தனி விசித்திரம். தான் எடுத்த அந்தப் படத்தை பிபிசி தொலைக்காட்சியில் காட்டியது 1985 ஜூலை 31 அன்று, ஹிரோஷிமாவின் நாற்பதாம் ஆண்டு நினைவு வாரத்துக்குச் சற்று முன்.

பிரான்சில் மார்செல் ஓஃபுல்ஸ் தொலைக்காட்சிக்காக எடுத்த, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘துயரமும் இரக்கமும்’ என்று பொருள்படும் தலைப்புடைய ஆவணப்படம், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், யார் எதிர்த்தார்கள், யார் ஒத்துழைத்தார்கள் என்று அவர்களையே பேசவைத்தது. ஜெர்மானியப் பார்வையாளர்கள் 1969இலேயே அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டார்கள். பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சி அதை மறுக்கவில்லை, வாங்காமல் இருந்தது, அவ்வளவுதான். 1971இல் பாரிஸ் திரையரங்கில் ஓடத் தொடங்கிய படம், ஆட்சி மாறிய பிறகு 1981இல்தான் பிரெஞ்சு வீடுகளுக்குள் போனது. போலந்தில் க்ரிஷ்டோஃப் கீஷ்லோவ்ஸ்கி 1976இல் தொலைக்காட்சிக்கு எடுத்த ‘அமைதி’ என்ற படத்தில், சிறையிலிருந்து வந்த ஒரு தொழிலாளி மனைவி, வீடு, வேலை தவிர வேறு எதையும் விரும்புவதில்லை. ஆனால் கட்டுமானத் தளத்தில் வேலைநிறுத்தம் வருகிறது. வேலைநிறுத்தம் என்ற ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளாத அரசு அது. படம் நான்காண்டுகள் காத்திருந்து, 1980இல் நாடே வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிறகு ஒளிபரப்பானது.

இந்தியாவில் இதே பிரச்சினை நீதிமன்றம் வரை போய் ஒரு நல்ல தீர்ப்பைத் தந்திருக்கிறது. போபால் நச்சுவாயுப் பேரழிவு பற்றித் தபன் போஸும் சுஹாசினி முலேயும் எடுத்த ‘பியாண்ட் ஜெனோசைட்’ ஆவணப்படம் தேசிய விருதான தங்கத் தாமரையைப் பெற்றது. ஆனாலும் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்ப மறுத்தது. படம் பழையதாகிவிட்டது, நிதானமும் கட்டுப்பாடும் இல்லை, மாநில அரசைக் குறைசொல்கிறது, இழப்பீட்டு வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று காரணங்களை அடுக்கியது. 1992இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. அரசை விமர்சிப்பது படத்தை மறுப்பதற்குக் காரணமாகாது என்றும், பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனம் மறுப்பதானால் பேச்சுரிமை பற்றிய அரசமைப்பின் 19ஆம் பிரிவு அனுமதிக்கும் காரணங்களைக் காட்டியாக வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. ஆனந்த் பட்வர்தனின் ‘ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்’ படத்துக்கு இதே வழியில் 2006இல் உச்ச நீதிமன்ற உத்தரவு கிடைத்தது. கவனிக்க வேண்டியது, இந்த வாதம் அரசு சார்ந்த ஒளிபரப்பாளருக்கு எதிராகவே செல்லும். தனியார் சேனல் தான் வாங்கிய நிகழ்ச்சியைப் போடாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் இடம் இருந்தாலொழிய, யாரும் கேள்வி கேட்க முடியாது.

பிபிசி நிறுத்திவைத்த நாடகங்களை இங்கே நீட்ட வேண்டியதில்லை. டென்னிஸ் பாட்டரின் ‘பிரிம்ஸ்டோன் அண்ட் ட்ரீக்கிள்’ 1976இலிருந்து 1987 வரையும், சிறார் சீர்திருத்தப் பள்ளியைப் பற்றிய ஆலன் கிளார்க்கின் ‘ஸ்கம்’ 1977இலிருந்து 1991 வரையும் காத்திருந்தன. இரண்டும் இடையில் திரைப்படங்களாக மறுபடி எடுக்கப்பட்டன.

சட்டம் குறுக்கிட்டு நின்றவை பெரும்பாலும் ரியாலிட்டி, வினாடி வினா வகைகள். 1950களில் வெற்றியாளர்களுக்கு முன்கூட்டியே விடை சொல்லிக்கொடுத்த மோசடிகள் அம்பலமானபின், அமெரிக்காவில் வினாடி வினாவின் முடிவை மறைமுகமாக நிர்ணயிப்பது 1960 முதல் குற்றம். 2010 ஜனவரியில் ஃபாக்ஸ் தொடங்கவிருந்த, அறிவுக்கூர்மை மிக்க குழந்தைகள் பங்கேற்கும் ‘அவர் லிட்டில் ஜீனியஸ்’ நிகழ்ச்சியில் போட்டியாளர் தரப்புக்குச் சில தகவல்கள் முன்பே போய்விட்டன என்று தெரிந்ததும், முதல் ஒளிபரப்புக்குச் சில நாட்களே இருக்கும்போது தயாரிப்பாளரே அதை விலக்கிக்கொண்டார். 2005இல் ஏபிசி நிறுத்திய ‘வெல்கம் டு தி நெய்பர்ஹுட்’ இன்னும் சிக்கலானது. டெக்சஸின் ஆஸ்டின் புறநகரில் ஒரு வீட்டுக்காக ஏழு குடும்பங்கள் போட்டியிட, யாருக்கு வீடு என்பதை அக்கம்பக்கத்து மூன்று குடும்பங்கள் முடிவு செய்யும். போட்டியாளர்கள் வெவ்வேறு இனம், சமயம், வாழ்முறை சார்ந்தவர்கள். நடுவர்களோ ஒரே வகைப்பட்டவர்கள். வீடு தருவதில் இனத்தையோ சமயத்தையோ பார்ப்பது 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி சட்டவிரோதம் என்பதால் உரிமை அமைப்புகள் எதிர்த்தன. பத்து நாள் இருக்கும்போது நிகழ்ச்சி நின்றது. ஆனால் படப்பிடிப்பு முடிந்திருந்தது, முடிவும் வந்திருந்தது: தத்தெடுத்த குழந்தையோடு வாழும் ஓர் ஆண் இணையர் அந்த வீட்டை வென்று குடியேறினார்கள்.

பேரிடரால் நிற்பவை இவற்றிலிருந்து வேறுபட்டவை. இங்கே நிகழ்ச்சியில் எந்தக் குறையும் இல்லை, நாள்தான் தவறு. பூமியை அதிரவைக்கும் ஆற்றல் கொண்ட ஒரு உயிரினத்தை மையமாக வைத்த ‘போக்கிமான்’ அத்தியாயம் 2004 நவம்பர் 4 அன்று ஜப்பானில் வரவிருந்தது. அக்டோபர் 23 அன்று சூயெட்சு நிலநடுக்கம் வந்தது. அந்த அத்தியாயம் எந்த நாட்டிலும் ஒளிபரப்பாகவில்லை. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பின், நகரம் அழியும் காட்சிகள் கொண்ட இன்னும் இரண்டு அத்தியாயங்கள் முதலில் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு அடுத்தடுத்த கதைகள் அவற்றைக் கடந்துபோய்விட்டதால் பொருத்த இடமில்லாமல் நின்றுவிட்டன. தொடர்கதையில் ‘தள்ளிவைப்பு’ என்பது சில வாரங்களிலேயே ‘கைவிடுதல்’ ஆகிவிடுவது இப்படித்தான்.

இனி, பார்க்க முடியுமா என்ற கேள்வி. பாதியில் நின்றவையும் சில நேரம் முழுமை அடைகின்றன. பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வுக்காக டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ‘ஷாடா’ 1979இல் கேம்பிரிட்ஜ் தெருக்களில் வெளிப்புறப் படப்பிடிப்பை முடித்துவிட்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது பிபிசி ஊழியர்களின் வேலைநிறுத்தத்தில் சிக்கியது. வேலைநிறுத்தம் முடிந்தபோது ஸ்டுடியோ வேறு நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டது. எடுத்த காட்சிகளை 1992இல் டாக்டராக நடித்த டாம் பேக்கரின் இணைப்புரையோடு வீடியோவாக்கினார்கள். 2017இல் விடுபட்ட காட்சிகளை அனிமேஷனில் நிரப்பி, அசல் நடிகர்களையே குரல் கொடுக்கவைத்து முழுக்கதையாக வெளியிட்டார்கள். கைவிடப்பட்ட பைலட் திரைப்படமாக மறுபிறவி எடுப்பதும் உண்டு: டேவிட் லின்ச் 1999இல் எடுத்து ஏபிசி நிராகரித்த ‘மல்ஹாலண்ட் டிரைவ்’, பிரெஞ்சுப் பணத்தில் கூடுதல் காட்சிகள் சேர்ந்து 2001இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றது. 2006இல் சிடபிள்யூ சேனல் வேண்டாம் என்ற ‘அக்வாமேன்’ பைலட்டை ஆப்பிளின் இணையக் கடையான ஐடியூன்ஸில் காசுக்கே விற்றார்கள்.

தேடுபவர்கள் முதலில் அந்தத் தொடரின் குறுவட்டு இணைப்புகளைப் பார்ப்பது நல்லது. அடுத்தது ஆவணக் காப்பகங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் திரைப்பட, தொலைக்காட்சிக் காப்பகம், நியூயார்க்கின் பேலி மையம், லண்டனின் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் ஆகியவற்றில் வெளிவராத பைலட்டுகள் உட்படப் பலவும் ஆய்வாளர்கள் பார்ப்பதற்கு இருக்கின்றன. பிரதி எடுத்துச் செல்ல முடியாது. இணையத்தில் உலவும் ‘காணாமல் போன அத்தியாயம்’ என்ற கதைகளில் பாதிக்கு மேல் கட்டுக்கதை என்றே நான் நினைக்கிறேன். ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பு நாள் குறிக்கப்பட்டுக் கடைசி நேரத்தில் நின்றதாகச் சொன்னால், அந்த வாரத்துப் பத்திரிகைகளின் தொலைக்காட்சி அட்டவணையில் அதன் பெயர் அச்சாகியிருக்க வேண்டும்; அட்டவணை பல நாள் முன்பே அச்சுக்குப் போய்விடும் என்பதால் நிறுத்தியவர்களால் அதை அழிக்க முடிந்திருக்காது. பெயர் இல்லையென்றால், யாரோ ஒருவரின் நினைவை மட்டும் நம்பி மேலே தேடாதீர்கள். ‘டீடூர்ஸ்’ போன்று நிறுவனமே இருப்பை ஒப்புக்கொண்டவற்றிலும் தேடல் எளிதன்று: 2020இல் அதில் ஒரு அத்தியாயம் இணையத்தில் கசிந்தது, அதிகாரபூர்வமாக 39இல் ஒன்றுகூட வெளியாகவில்லை.